நேத்து ஓடின புரோகிராம் இன்னிக்கு ஏன் ஓடல?

மோகனூரில் எழுதிய புரோகிராமை நாமக்கல்லில் வேறு கம்ப்யூட்டரில் போட்டால் சில சமயம் ஓடாது. அடுத்தவர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான துண்டு நிரல்களை அது நம்பியிருப்பதே காரணம். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற துண்டை எழுதியவரே இணையத்திலிருந்து நீக்கிவிட, உலகெங்கும் பல மென்பொருள்களை உருவாக்கும் வேலை நின்றது. வெறும் 11 வரிங்க அது!

இதற்குத்தான் 'லாக் ஃபைல்'. எந்தத் துண்டு, எந்தப் பதிப்பு, அதன் ஹேஷ் அடையாளம் என்ன என்று பதிந்து வைக்கும். ஒரு எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், மென்பொருளின் பாகங்களைப் பட்டியலிடச் சொல்கிறது. நல்லதுதான். ஆனா, லெஃப்ட்-பேட் மாதிரி துண்டே காணாமப் போனா பட்டியல் என்ன செய்யும்? பிரதி நம்ம சர்வரிலும் இருக்கணும்.