வாட்ஸ் கணக்கில் மயங்கலாமா?

"100 வாட்ஸ்! 200 வாட்ஸ்!" என்று அடுக்குகிறார்கள், ஆம்ப்ளிபையர் விற்பவர்கள். வாட்ஸ் ஏற ஏற, விலையும் இலட்சத்தைத் தாண்டுகிறது.

வாட்ஸ் இரு மடங்கானால் ஓசையும் இரு மடங்காகுமா? ஆகாது! கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற, ஏறக்குறைய 10 மடங்கு வாட்ஸ் வேண்டும்.

அந்த 3 டெசிபலை ஸ்பீக்கரிலேயே பெறலாம். ஒரே அளவு மின்சாரத்தில் 85 டெசிபல் ஓசை தரும் ஸ்பீக்கர் உண்டு. 88 டெசிபல் தருவதும் உண்டு. இரண்டாவதற்குப் பாதி வாட்ஸ் போதும்.

1978-ல் 'நாட் 3020' என்ற ஆம்ப்ளிபையர் வந்தது. பக்கத்துக்கு 20 வாட்ஸ்தான். விலையும் குறைவு. ஆனாலும் உலகப் புகழ் பெற்றது. ஸ்பீக்கர் திடீரென்று அதிக மின்னோட்டம் இழுத்தாலும் அது திணறவில்லை!

ஆகவே, முதலில் ஸ்பீக்கரை முடிவு செய்யுங்கள். அது 4 ஓம் என்றால், அதைத் தாங்கும் ஆம்ப்ளிபையர்தானா என்று கேளுங்கள்.

இரண்டை ஒப்பிடும்போது ஓசையைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். சற்று உரக்கப் பாடுவதே நல்லது என்று காது ஏமாந்துவிடும்.

பணம் உங்களுடையது. தீர்ப்பும் உங்கள் காதுடையதாக இருக்கட்டும்!