ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஸ்கேன்

தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று பிறப்பித்த சிம் பைண்டிங் ஆணை பற்றி நிலைப்பாடு கேட்டு வங்கி மோசடித் தடுப்புப் பிரிவுகளிலிருந்தும் தளப் பாதுகாப்புக் குழுக்களிலிருந்தும் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். கணக்கு தொடங்கிய சிம் போனில் இருந்தால்தான் வாட்ஸ்அப் போன்ற செயலிகள் இயங்க வேண்டும் என்ற முதல் பாதியை ஆதரிக்கிறோம். இரண்டாம் பாதி, அதாவது அந்தச் செயலிகளின் வெப் வடிவத்தை ஆறு மணி நேரத்துக்கு மேல் போகாமல் லாக்-அவுட் செய்துவிட்டு க்யூஆர் மூலம் மறுபடி இணைக்கச் சொல்லும் பகுதி, தவறு. தவறு மட்டுமில்லை, நம் எதிராளிக்குக் கொடுக்கும் இலவசப் பயிற்சி.

முதல் பாதியில் அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒரே ஒரு ஓடிபி வந்துவிட்டால் போதும், பிறகு அந்த சிம் குப்பைத்தொட்டிக்குப் போனாலும் கணக்கு உயிரோடு இருக்கும் என்ற ஏற்பாட்டின் மேல்தான் கம்போடியா, லாவோஸ், மியான்மர் மோசடி வளாகங்களின் இந்தியப் பிரிவே நடக்கிறது. இங்கே ஒருவன் ஆக்டிவேட் செய்த சிம்மைப் போனில் போட்டு ஆறு இலக்கத்தை வாசித்துக் காட்டுவான். அங்கே +91 எண்ணோடு ஒரு ‘சிபிஐ அதிகாரி’ பிறந்துவிடுவார். டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்கு விமானம் ஏறி, மியான்மரின் மியாவடியில் அடைபட்டுத் திரும்பிய நம் தமிழ்நாட்டுப் பையன்களைக் கேட்டால் அந்த நாற்காலிகள் எப்படி நிரப்பப்படுகின்றன என்று சொல்வார்கள். சிம் பைண்டிங் வந்தால் சிம்மும் அங்கே போயாக வேண்டும். போனால் ரோமிங் பதிவில் தெரியும். ஒரே டவருக்குக் கீழே கொத்தாக இந்திய எண்கள் நின்றால், பார்க்க மனமுள்ள டெலிகாம் நிறுவனத்துக்கு அதைவிடத் தெளிவான தடயம் வேண்டாம். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் ஊர் எண்ணில் வாட்ஸ்அப் வைத்துக்கொண்டு சிம்மைப் பர்சில் போட்டிருக்கும் நம்மவர்களுக்குத் தொல்லைதான். ஆனால் இரண்டாவது ஸ்லாட் தீர்த்துவைக்கக்கூடிய தொல்லை.

இதை மருந்து என்று மிகைப்படுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யுபிஐயில் தொடக்கத்திலிருந்தே சிம்மோடும் கருவியோடும் பிணைப்பு உண்டு. அது தொலைவிலிருந்து கணக்கைக் கைப்பற்றுவதைக் கடினமாக்கியது. வாடிக்கையாளரே பின் போட்டு அனுப்பும் பணத்தை அதனால் தொடக்கூட முடியவில்லை. 2024-இல் இணைய மோசடிகளில் மக்கள் இழந்ததாக உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன தொகை 22,845 கோடி ரூபாய். சிம் பிணைப்பு ஏற்கெனவே இருந்த கட்டணத் தடத்தின் வழியாகவும் அது வெளியேறியிருக்கிறது. ஐபோனில் சிம்மின் அடையாள எண்ணைச் செயலி வாசிக்க ஆப்பிள் இடம் கொடுப்பதில்லை என்பதும் இந்த இதழின் வாசகர்களுக்குப் புதிதில்லை. ‘சிம் உள்ளே இருக்கிறதா’ என்று தொடர்ந்து சோதிக்கச் சொல்லும் ஆணை, எப்படிச் சோதிப்பது என்பதை நிறுவனங்களின் தலையில் கட்டிவிட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் ஆகியவற்றோடு நம் ‘அரட்டை’ செயலியும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவரவர் பொறியாளர்கள் பாடு.

இனி அந்த ஆறு மணி நேரம்.

இதற்கு ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. எந்த ஊர் ஜெராக்ஸ் கடையிலும் இன்று நடப்பது இது: ஆதார் நகல் எடுக்க வந்தவர் தன் வாட்ஸ்அப்பையே கடைக் கணினியில் ஸ்கேன் செய்து திறக்கிறார், பிரிண்ட் எடுக்கிறார், இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறார். கணக்கு அங்கேயே திறந்து கிடக்கிறது. முதன்மைப் போனைத் தொடர்ந்து 14 நாள் பயன்படுத்தாவிட்டால்தான் இணைத்த கருவிகளை வாட்ஸ்அப் தானாகக் கழற்றிவிடும். நாள் முழுக்கப் போனைத் தடவிக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பதினான்கு நாள் வரவே வராது. சென்ற ஆண்டு எங்கள் தெருக் கடையில் ஒரு பிரிண்ட்டுக்காகக் காத்திருந்தபோது, உலாவியில் யாரோ ஒருவருடைய குடும்பக் குழு ஓடிக்கொண்டிருந்தது. பேத்தியின் பள்ளி ஆண்டு விழாப் படங்கள், யாருடைய ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்ற பேச்சு, ஒரு வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். கடைக்காரத் தம்பியிடம் சொன்னேன். “அட, போன வாரம் வந்த ஐயாவோடதுங்க சார்” என்று சாவதானமாக மூடினார். அந்த ஐயாவுக்கு ஆறு மணி நேர லாக்-அவுட் உண்மையிலேயே காவல்தான்.

ஆனால் அதே கடையின் தம்பியைப் பாருங்கள். “வாட்ஸ்அப்புக்கு அனுப்பிடுங்க” என்று கடை எண்ணைத்தான் எல்லோருக்கும் கொடுக்கிறார். அந்த எண் இருக்கும் போன் முதலாளியின் பையில். காலை ஒன்பதுக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடும் கடையில் இனி காலையில் ஒருமுறை, பகல் மூன்றுக்கு ஒருமுறை அந்தப் போன் கைமாறி ஸ்கேன் ஆக வேண்டும். முதலாளி வெளியூரில் இருந்தால்? க்யூஆரைப் படம் பிடித்து அவருக்கு அனுப்புவார்கள். அதற்குள் அது காலாவதியாகும், மறுபடி அனுப்புவார்கள், அதுவும் ஆகாதென்றால் வேறு வழி கண்டுபிடிப்பார்கள். இப்படித்தான் ஒரு நாட்டுக்கே பழக்கம் உருவாகும்: திரையில் கட்டம் கட்டமாக ஏதாவது தெரிந்தால் போனை எடு, காட்டு, பீப் வந்ததும் வேலையைப் பார்.

இந்தப் பழக்கத்தைத்தான் எதிராளி அறுவடை செய்கிறான். 2025 டிசம்பரில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் எச்சரித்த ‘கோஸ்ட்பேரிங்’ நினைவிருக்கும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே “உன் போட்டோ இதில் இருக்கு பார்” என்று ஒரு சுட்டி வருகிறது. திறந்தால் ஃபேஸ்புக் போன்ற ஒரு பக்கம். படம் பார்க்க எண்ணைச் சரிபார்க்கச் சொல்லும். எண்ணைக் கொடுத்ததும் ஒரு குறியீடு வரும், அதை வாட்ஸ்அப்பில் போடச் சொல்லும். போட்ட கணத்தில் மோசடிக்காரனின் உலாவி இணைந்த கருவியாகிவிடுகிறது. பாஸ்வேர்டு திருட்டு இல்லை, சிம் ஸ்வாப் இல்லை. சிம்மும் உரியவரின் போனுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. சிம் பைண்டிங் இதைப் பார்த்து எல்லாம் சரி என்றுதான் சொல்லும்.

அடுத்து அந்தக் கணக்கிலிருந்து அடுக்குமாடிச் சங்கக் குழுவுக்கும் பள்ளி வகுப்புக் குழுவுக்கும் சுய உதவிக் குழுவுக்கும் அதே சுட்டி போகும். குழுவில் அறிமுகமில்லாதவன் வந்தால் அட்மின் கவனிப்பார். செயலாளரே அனுப்பினால் யார் கவனிப்பது? ஒரு சமூகத்தின் பாதுகாப்பு அதில் கடைசியாக ஸ்கேன் செய்த உறுப்பினரின் சோர்வைப் பொறுத்தது என்ற நிலைக்கு வந்திருக்கிறோம். இந்த நேரத்தில் ஸ்கேன்களின் எண்ணிக்கையைக் கூட்ட ஓர் ஆணை.

ஆணை க்யூஆரை மட்டும்தானே சொல்கிறது, எண் குறியீட்டைச் சொல்லவில்லையே, அந்த வழியை அடைத்துவிட்டால் கோஸ்ட்பேரிங் பாதி படுத்துவிடுமே என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தொழில்நுட்பப்படி நல்ல வாதம். ஆனால் டிஜிட்டல் கைதில், அதாவது போலி அதிகாரியின் வீடியோ மிரட்டலில், உட்கார வைக்கப்பட்டவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு திரைகள் இருக்கின்றன என்பதை நம்மில் 1930 உதவி எண்ணின் புகார்களைக் கையாள்பவர்கள் அறிவார்கள். ஒன்றில் வீடியோ அழைப்பு, இன்னொன்றில் வங்கிக் கணக்கு. ‘விசாரணைக்காக இதை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? தினமும் இருமுறை அதையே செய்துவரும் கை தயங்காது.

இங்கேதான் இந்தப் பக்கத்தில் ஆண்டாண்டாக எழுதிவரும் விஷயத்துக்கு வர வேண்டியிருக்கிறது. அலுத்துக்கொள்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மோசடிக்கு ஆளாகும் குடிமக்களைத் தயார் செய்வதில் இந்த நாட்டின் அதிகார அமைப்புகளை மிஞ்ச எந்த மோசடி வளாகத்தாலும் முடியாது. ‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்பது நம் வாசகம். இதே நாட்டில் 2020 நவம்பரிலிருந்து பல ஊர்களில் சமையல் எரிவாயு சிலிண்டர் கொண்டுவருபவரிடம் குறியீட்டைச் சொன்னால்தான் சிலிண்டர் இறங்கும். கூரியர் தம்பி கேட்டைத் தட்டிக்கொண்டே ஓடிபி கேட்கிறார். சேவை மையத்தில் ஆதார் ஓடிபியை உரக்கச் சொல்ல வேண்டும், பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. ‘யாரிடமும் சொல்லாதே’ என்றால் ‘யாரிடம் சொல்லலாம்’ என்று பிரித்தறியும் வேலையைப் பாட்டியின் தலையில் ஏற்றிவிட்டோம். அவர் பிரித்தறியத் தவறினால் விழிப்புணர்வு போதவில்லை என்று அறிக்கை விடுகிறோம்.

வங்கிகளைக் கேட்கவே வேண்டாம். அழைப்பது அவர்கள், ஆனால் பிறந்த தேதியைச் சொல்லி நம்மை நிரூபிக்க வேண்டியது நாம். அழைத்தவர் வங்கிதானா என்று அறிய வாடிக்கையாளருக்கு என்ன இருந்தது? 1600-இல் தொடங்கும் எண்களை ரிசர்வ் வங்கி வலியுறுத்தியது 2025 ஜனவரியில். பேங்க்.இன் டொமைனுக்கு மாற வைத்த கெடு அதே ஆண்டு அக்டோபர் 31. இரண்டும் நல்ல முடிவுகள், இந்த இதழ் கேட்டுக்கொண்டிருந்தவை. ஆனால் அதுவரை வங்கிகளே விதவிதமான டொமைன்களிலிருந்தும் சுருக்கச் சுட்டிகளிலிருந்தும் குறுஞ்செய்தி அனுப்பி, எதையும் தொடலாம் என்று மக்களுக்குப் பாடம் நடத்தி முடித்திருந்தன. மாற்றத்துக்குப் பிறகாவது, ‘இனி இந்த முடிவு இல்லாத முகவரி எங்களுடையதல்ல’ என்று ஒரு வரி பெரிய எழுத்தில் கிளைச் சுவரில் தமிழில் ஒட்டியிருக்கிறதா என்று உங்கள் கிளைக்குப் போய்ப் பாருங்கள்.

காவல் துறை? வாட்ஸ்அப்பில் விசாரணை நோட்டீஸ் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட வேண்டியிருந்தது. விதிவிலக்குக் கேட்டு ஹரியானா அரசு போனபோது அதே ஆண்டு மறுபடி மறுக்க வேண்டியும் இருந்தது. அப்படியென்றால் அதற்கு முன் உண்மையான நோட்டீஸும் வாட்ஸ்அப்பில்தான் வந்துகொண்டிருந்தது. போலி நோட்டீஸை நம்பியவரை எந்த முகத்தோடு ஏமாளி என்பது? 2024-இல் டிஜிட்டல் கைதும் அதைச் சார்ந்த குற்றங்களுமாக 1,23,672 புகார்கள், 1,935 கோடி ரூபாய் இழப்பு. அந்தப் புகார்தாரர்களில் எத்தனை பேர், அரசு இப்படித்தான் பேசும் என்று அரசிடமிருந்தே கற்றுக்கொண்டவர்கள்? அந்தக் கணக்கை எந்த அமைச்சகமும் எடுக்காது. எடுத்தால் குற்றவாளிப் பட்டியலில் தன் பெயரையும் எழுத வேண்டிவரும்.

இத்தனைக்கும் பிறகு, பொதுக் கருத்துக் கேட்காமல், இந்தத் துறையில் நாள் முழுக்கப் பாதிக்கப்பட்டவர்களின் குரலைக் கேட்பவர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல், ஆறு என்று ஓர் எண்ணை எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஏன் ஆறு? வங்கிச் செயலி சில நிமிடங்களில் லாக்-அவுட் ஆகிறதே என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. வங்கிச் செயலியில் மறுபடி நுழைவது நம் பின்னைப் போட்டு நம் கணக்குக்குள். இங்கே மறுபடி இணைப்பது நம் கணக்கை இன்னொரு கருவிக்குத் திறந்துவிடும் செயல். முன்னது பூட்டைத் திறப்பது, பின்னது சாவிக்கு நகல் வெட்டுவது. நகல் வெட்டுவதை அன்றாட வேலையாக்கிவிட்டு, பூட்டைப் பலப்படுத்தினோம் என்கிறார்கள்.

மாற்று இல்லாமலா எதிர்க்கிறோம் என்றால், இருக்கிறது, அதுவும் நம் துறையில் பழையது. அறிமுகமில்லாத கருவிக்குக் குறுகிய ஆயுள், பல நாள் ஒரே இடத்தில் ஒரே உலாவியில் ஓடும் கருவிக்கு நீண்ட ஆயுள். ஜெராக்ஸ் கடையில் திறந்துவிட்டுப் போன ஐயாவுக்கு ஒரு மணி நேரமே அதிகம், பத்து நிமிடம் போதும். கடையின் சொந்தக் கணக்குக்கு ஒரு மாதம் கொடுத்தாலும் ஆபத்து கூடாது. புதிய கருவி இணையும்போது முதன்மைப் போனில் எந்த ஊர், எந்த உலாவி என்று தமிழில், பெரிய எழுத்தில், ஒரு நிமிடக் கட்டாயக் காத்திருப்போடு காட்டட்டும். இணைந்த முதல் 24 மணி நேரத்துக்கு அந்தக் கருவியிலிருந்து குழுக்களுக்குச் சுட்டி அனுப்ப முடியாமல் செய்யட்டும். இந்தக் கடைசி ஏற்பாடு ஒன்றே கோஸ்ட்பேரிங்கின் பரவலைப் பெருமளவு மட்டுப்படுத்தும் என்பது எங்கள் கணிப்பு. செய்ய வேண்டியது தளங்கள். கேட்க வேண்டியது அரசு. இரண்டுக்கும் இதில் ஆர்வமில்லை, ஏனென்றால் இதில் லாக்-அவுட் போல எண்ணிக் காட்ட ஒன்றுமில்லை.

ஆணையைத் திரும்பப் பெற முடியாதா என்று கேட்பவர்களுக்கு: அதே நவம்பர் 28-ஆம் தேதியிட்டதுதான் புதிய போன்களில் அரசின் சஞ்சார் சாதி செயலியை முன்கூட்டியே ஏற்றச் சொன்ன ஆணையும். டிசம்பர் 3-இல் அந்தக் கட்டாயம் போய்விட்டது. சிம் பைண்டிங் ஆணையோ அமலுக்கு 90 நாள், அறிக்கைக்கு 120 நாள் என்று கெடு வைத்தது. அந்த அறிக்கையில் சிம் இல்லாமல் முடக்கிய கணக்குகள் எத்தனை என்பதோடு, மோசடியாக இணைக்கப்பட்ட கருவிகள் பற்றிய புகார்கள் ஆணைக்கு முன் மாதந்தோறும் எத்தனை, பின் எத்தனை என்ற இரு எண்களையும் ஒவ்வொரு தளமும் தர வேண்டும், துறை அவற்றை வெளியிட வேண்டும். வங்கிகளில் இருப்பவர்கள் தங்கள் புகார்ப் பதிவில் ‘இணைத்த கருவி வழி’ என்று தனியாக ஒரு வகையை இப்போதே திறந்துவிடுங்கள். தளங்களும் துறையும் எண்ணாவிட்டால் நம்மிடமாவது கணக்கு இருக்கட்டும்.