முதல் வெட்டுக்கு எந்தப் பல்?

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் சாலையில் கோபாலபுரத்தைத் தாண்டினால் கேரளம். எல்லை மாறுகிறதே தவிர, தென்னந்தோப்புகள் மாறுவதில்லை. சித்தூர் வட்டாரத்தில் தமிழ்ப் பேச்சும் தொடர்கிறது. தச்சர்கள் கையாளும் மரங்களும் ஏறக்குறைய அவையேதான்: தேக்கு, பலா, மா, வேம்பு, காய்ப்பு ஓய்ந்த தென்னை. ஆனால் இரண்டு மாநிலங்களிலுமே மரச் சிற்ப வேலையின் ஓசை மாறிவருகிறது. கொட்டாப்புளி உளியைத் தட்டும் சத்தத்தின் நடுவே கிரைண்டரின் இரைச்சலும் கேட்கிறது.

கட்டையில் வேண்டாததை நீக்கி முதல் வடிவத்தைக் கொண்டுவருவதுதான் சிற்ப வேலையில் அதிக உழைப்பைத் தின்னும் கட்டம். டை கிரைண்டரில் மாட்டிய ரோட்டரி பர் அந்த உழைப்பைப் பெருமளவு குறைத்துவிடும். பொருத்தமான பர் அமைந்தால்! சிக்கலே அங்குதான்.

ஹார்டுவேர் கடையில் 'கார்பைடு பர்' என்று மட்டும் கேட்டால், இரும்பைத் தேய்ப்பதற்கான பர் கைக்கு வர வாய்ப்பு அதிகம். இரண்டு திசைகளில் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமாகப் பல் வெட்டியிருப்பார்கள். இரும்பில் இது அருமையாக வேலை செய்யும். மரத்திலோ, சில நிமிடங்களிலேயே தூளும் பிசினும் பல்லிடுக்கில் அடைத்துக்கொள்ளும். பிறகு அது வெட்டாது, தேய்க்கும். சூடேறும், மரம் கருகும். ஆள் இன்னும் அழுத்துவார், இன்னும் கருகும். கடைசியில் 'மெஷின் சிற்பத்துக்கு ஆகாது' என்ற தீர்ப்பு. குற்றவாளி மெஷின் அல்ல, பல்.

முதல் வடிவத்துக்கு வேண்டியது இடைவெளி அதிகமுள்ள முரட்டுப் பல். இதில் மூன்று வகைகளைக் கருதலாம். ஒன்று, தலை முழுவதும் ஊசிமுனைகள் போல டங்ஸ்டன் கார்பைடு முட்கள் நிற்கும் பர். முட்களுக்கு நடுவே தூள் வெளியேற இடம் இருப்பதால் அடைப்பு குறைவு. மர ரேகை எந்தப் பக்கம் ஓடினாலும் அதிகம் கவலைப்படாது. விட்டுச்செல்லும் பரப்பு சொரசொரப்பாக இருக்கும். முதல் கட்டத்தில் அது குறையல்ல. இரண்டாவது, ஒரே திசையில் ஆழமான அகன்ற பள்ளங்கள் கொண்ட கார்பைடு பர். அலுமினியத்துக்கென்று விற்கப்படும் இது மரத்துக்கும் ஒத்துவரும். மூன்றாவது, ஹைஸ்பீடு ஸ்டீல் பர். விலை குறைவு, மென்மையான மரத்தில் சுத்தமாக வெட்டும். ஆனால் தேக்கில் உள்ள சிலிக்கா இதைச் சீக்கிரம் மழுக்கிவிடும். தென்னையின் வெளிப்புறத்தில் நெருங்கிக் கிடக்கும் கறுத்த நார்களும் அப்படித்தான். அந்த இரண்டுக்கும் கார்பைடே மேல். வைரத்தூள் பூசிய பர்களை நகை, முகபாவம் போன்ற கடைசி நுணுக்கங்களுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

அடுத்தது தண்டு. முரட்டு வேலைக்கு 6 மி.மீ. தண்டு. 3 மி.மீ. தண்டில் பெரிய தலையை மாட்டி அழுத்தினால் தண்டு வளையும், வேகத்தில் அதிரும். கால் அங்குலத் தண்டு என்பது 6.35 மி.மீ.; 6 மி.மீ. காலெட்டில் அதைத் திணிக்கக் கூடாது. மாறாக, கால் அங்குலக் காலெட்டில் 6 மி.மீ. தண்டை மாட்டினால் பிடி தளர்ந்து பர் தெறிக்கலாம்.

தலை பெரிதானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 12 மி.மீ. தலை நிமிடத்துக்கு 20,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு சுமார் 750 மீட்டர் ஓடுகிறது. 6 மி.மீ. தலைக்கு அதில் பாதிதான். பர் மீது குறிப்பிட்டுள்ள உச்ச வேகத்தை எந்தக் காரணத்துக்காகவும் மீறக் கூடாது. வடிவத்தைப் பொறுத்தவரை, முனை உருண்ட உருளை ஒன்றும் உருண்டை ஒன்றும் இருந்தால் முதல் கட்டத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும். ஆடை மடிப்புக்கு ஊடுருவ தீச்சுடர் வடிவம் ஒன்று. பத்து பர் உள்ள பெட்டி கண்ணுக்கு அழகு, அவ்வளவே.

பர்ரை நகர்த்துவதிலும் சூட்சுமம் உண்டு. சக்கரம் உருளும் திசையில் தள்ளினால் அது கட்டைமேல் ஓடிவிடும். எதிர்த்திசையில் இழுத்தால்தான் கைக்கு அடங்கும். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச் சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் ஒரே கட்டையிலிருந்து உருவத்தைச் செதுக்குவது மரபு. இப்படிப்பட்ட வேலையில் பர் ஒரு நொடி தாவினால் மூக்கு போச்சு. ஒட்டுப்போட முடியாது. எனவே கோட்டிலிருந்து 2, 3 மி.மீ. தள்ளியே பர்ரை நிறுத்தி, மிச்சத்தை உளிக்கு விடுவதே பத்திரம்.

கட்டையைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. குறிப்பாக மூக்கின் உட்பகுதியில். ஈட்டி மரத்தூள் தோல் ஒவ்வாமையையும் மூச்சுத் தொல்லையையும் தரக்கூடியது. இங்கேயும் பல்தான் பேசுகிறது. கூர்மையான முரட்டுப் பல் சற்றுப் பெரிய துகள்களாகப் பிய்த்தெறியும். அடைத்துப்போன பொடிப்பல்லும் மழுங்கிய பல்லும் காற்றில் மிதக்கும் நுண்தூளாக அரைக்கும். ஆனாலும் தூள் இல்லாத பர் என்று எதுவும் கிடையாது. முகத்தில் சுற்றிய துண்டு இந்த நுண்தூளை வடிகட்டாது. தூசுக்கென்று செய்யப்பட்ட முகமூடி, கண்ணாடி, தூளை இழுத்துக்கொள்ளும் உறிஞ்சி ஆகியவை அவசியம். தொங்கும் துண்டும் தளர்ந்த சட்டைக் கையும் சுழலும் தண்டில் சிக்கும். மணிக்கணக்கில் அதிரும் கருவி விரல்களை மரத்துப்போகச் செய்யும் என்பதால் இடையிடையே ஓய்வும் வேண்டும்.

பர் அடைத்தால் மெஷினை நிறுத்தி, கம்பிப் பிரஷ்ஷால் பல்லைச் சுத்தம் செய்தால் போதும். அப்படியும் மரம் கருகினால் அந்தப் பர் தன் காலத்தை முடித்துக்கொண்டது என்று அர்த்தம். அதைத் தூக்கிப்போட மனம் வராமல் இன்னும் ஒரு சிற்பம் செய்துவிடலாம் என்று அழுத்துபவர், மிச்சப்படுத்திய காசை மூச்சில் கட்டவேண்டியிருக்கும்.