தொழிற்சாலை பூட்டிவைத்த திறன்: ஒரு நம்பிக்கைக்கு மறுப்பு

டர்போசார்ஜர் பொருத்திய வேகக் கார்களில் ஈடுபாடு கொண்டோரிடையே ஒரு நம்பிக்கை ஆழ வேரூன்றியிருக்கிறது. உற்பத்தியாளர் தம் எஞ்சினின் முழுத் திறனையும் வெளிவிடாமல் பூட்டிவைத்தே விற்கிறார் என்றும், டர்போ தரும் மிகை அழுத்தமாகிய பூஸ்டைச் சற்றே கூட்டி, எஞ்சினை ஆளும் கணினியாகிய இசியு பின்பற்றும் எரிபொருள், பற்றவைப்பு அளவுகளின் அட்டவணையாகிய மேப்பைத் திருத்திவிட்டால் அந்தத் திறன் பெருஞ்செலவோ சேதமோ இன்றிக் கைக்கு வந்துவிடும் என்றும் அவர்கள் கருதுகின்றனர். இதற்குத் தவறாமல் காட்டப்படும் சான்று, 1989 முதல் 2002 வரை நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் ஆர்32, ஆர்33, ஆர்34 என்னும் மூன்று தலைமுறைகளிலும் இடம்பெற்ற ஆர்பி26டிஇடிடி எஞ்சினாகும். ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் கொண்ட, 2,568 சிசி கொள்ளளவும் இரட்டை டர்போவும் உடைய இந்த எஞ்சின் பட்டறைகளில் ஆயிரம் குதிரைத்திறன் வரை உயர்த்தப்பட்டிருப்பது உண்மையே. எனினும் அதை உறுப்பு உறுப்பாகப் பிரித்து ஆராய்ந்தால், நம்பிக்கைக்குச் சான்றாக நிறுத்தப்பட்ட இந்த எஞ்சினே அதற்கு எதிராகச் சாட்சி சொல்வது விளங்கும்.

நம்பிக்கையின் வலுவான பகுதி ஜப்பானிய உற்பத்தியாளர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட உடன்பாட்டைப் பற்றியது. எந்தக் காரின் திறனையும் 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்ற அந்த வழக்கம் 1989இல் தொடங்கி, 2004இல் ஹோண்டா லெஜண்ட் 300 குதிரைத்திறனோடு வெளிவரும் வரை நீடித்தது. ஆர்பி26இன் முறுக்குவிசை 36 கிலோகிராம்-மீட்டரிலிருந்து 40 வரை உயர்ந்தபோதும் அதன் அறிவிக்கப்பட்ட திறன் மட்டும் மூன்று தலைமுறையிலும் 280ஆகவே நின்றது. பூஸ்ட் கட்டுப்பாட்டுக் குழாயில் பொருத்தப்பட்ட, சிறு துளையுடைய ஓர் அடைப்பை எடுத்துவிட்டால் பூஸ்ட் சுமார் 0.7 பாரிலிருந்து 1 பாரை நெருங்குவதும் மெய்யே. இவ்வளவையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த உடன்பாடு முதன்மையாகக் கட்டுப்படுத்தியது விளம்பரத் தாளில் அச்சாகும் எண்ணையே. விற்பனைக்கு வந்த எஞ்சின்கள் அந்த எண்ணைத் தாண்டியே இயங்கின என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. ஆகவே எஞ்சினைத் திருத்தித் திறன் கூட்டும் ட்யூனர் திறந்துவிட்டதாகச் சொல்லப்படும் திறனில் ஒரு பகுதி பூட்டப்படாமல் முன்பே இருந்ததுதான். ஒரு நாட்டில் ஒரு காலத்தில் நிலவிய வணிக வழக்கத்தை உலகின் டர்போ எஞ்சின்கள் அனைத்துக்கும் பொதுவிதியாக்குவதும் பொருந்தாது.

அந்த அடைப்பை எடுத்தபின் எஞ்சினின் தாங்குதிறன் எங்கே முடிகிறது என்பதை அறிய, டர்போவின் டர்பைன் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். வெளியேறும் புகைவாயுவால் சுழன்று மறுமுனையிலுள்ள காற்றழுத்தியை இயக்கும் இந்தச் சக்கரம், ஆர்பி26இல் உலோகத்தால் அன்றிப் பீங்கான் இனத்தைச் சேர்ந்த செராமிக் பொருளால் ஆனது. உலோகச் சக்கரத்தின் எடையில் பாதிக்கும் குறைவாக இருப்பதால் அது விரைவில் வேகமெடுக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்த பின் பூஸ்ட் எழும் வரை ஏற்படும் தாமதமும் குறைகிறது. ஆனால் செராமிக் வளைந்து கொடுக்காது. எஃகுத் தண்டோடு அது சேரும் இணைப்பு, மிகுந்த வெப்பமும் நிமிடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும் சுழற்சியும் ஒருங்கே தாக்கும்போது விட்டுப்போகிறது. பூஸ்ட் 1 பாரைத் தாண்டியபின் சக்கரம் தண்டிலிருந்து கழன்று நொறுங்கி, அதன் துண்டுகள் புகைக்குழாய்க்குள் சிதறுவது ஜிடி-ஆர் பட்டறைகள் நன்கறிந்த பழுதாகும். நிசானும் இதை அறியாமலில்லை: பந்தயத் தகுதிக்காக 1990இல் வெளியிட்ட ஆர்32 நிஸ்மோ பதிப்பில் செராமிக்கைக் கைவிட்டு உலோகச் சக்கரத்தையே பொருத்தியது. தொழிற்சாலை உண்மையிலேயே கூடுதல் திறனை நாடியபோது பூஸ்டைக் கூட்டுவதோடு நில்லாமல் உறுப்பையே மாற்றியது என்பது இங்கே கருதத்தக்கது.

பூஸ்ட் கூடக்கூடத் திறனும் அதே அளவில் கூடும் என்பது அடுத்த பிழை. திறனைத் தீர்மானிப்பது சிலிண்டருக்குள் புகும் காற்றின் நிறையே அன்றி அழுத்தம் அன்று. காற்றை அழுத்தினால் அது சூடாகும், சூடானால் அதன் அடர்த்தி குறையும். 25 பாகை செல்சியஸில் உள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுசெல்ல, 70 விழுக்காட்டு வினைத்திறன் கொண்ட காற்றழுத்தி அதை ஏறத்தாழ 118 பாகைக்குச் சூடாக்கிவிடும். அழுத்தம் இரட்டித்தாலும் அடர்த்தி ஒன்றரை மடங்கே ஆகிறது. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதை 50 பாகைக்கு இறக்கினால் அடர்த்தி சுமார் 1.85 மடங்காகும். காற்றழுத்தியை அதன் எல்லைக்கு வெளியே ஓட்டினால் வினைத்திறன் சரிந்து வெப்பம் மேலும் ஏறும். அப்போது, தீப்பொறி தொடங்கிய சுடர் சென்றடையும் முன்பே எஞ்சிய கலவை தானாக வெடிக்கும் நாக்கிங் தலைகாட்டுகிறது. பிஸ்டனின் விளிம்பைத் தகர்க்கவல்ல இதைத் தவிர்க்கப் பற்றவைப்பு நேரத்தைப் பின்தள்ள வேண்டியிருக்கிறது. பின்தள்ளினால் எரிதல் தாமதமாகி, உந்துவிசையாக வேண்டிய ஆற்றல் புகைவாயுவின் வெப்பமாகி, அதே செராமிக் சக்கரத்தின் மேல் போய் விழுகிறது. பூஸ்ட் மீட்டரின் முள் ஏறியும் காரின் சக்கரங்களுக்கு வந்துசேரும் திறன் அவ்வளவாக ஏறாமல் போவது இதனால்தான்.

மேப்பை மாற்றினாலே போதும் என்ற வாதத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த எஞ்சினில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 440 மில்லிலிட்டர் தரவல்லது. ஆறும் சேர்ந்து, பாதுகாப்பான எல்லையாகிய 85 விழுக்காட்டு நேரம் திறந்திருந்தால், மணிக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம் பெட்ரோல் கிடைக்கும். முழுச் சுமையில் டர்போ எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் எரிபொருள் கொள்வதால், 370 குதிரைத்திறனோடு இந்த இன்ஜெக்டர்களின் கொடை தீர்ந்துபோகிறது. நுழையும் காற்றை அளக்கும் மீட்டர்களுக்கும் இத்தகைய உச்சவரம்பு உண்டு: சூடேற்றிய கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை மின்னழுத்தமாக மாற்றித் தரும் அவை, 5 வோல்ட்டை ஒட்டிய உச்சத்தை எட்டியபின் எவ்வளவு காற்று கூடினாலும் அதே எண்ணையே சொல்கின்றன, இசியுவும் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டாமல் விடுவதால், எஞ்சினுக்கு எரிபொருள் மிகுதியாகத் தேவைப்படும் தருணத்திலேயே கலவை மெலிந்துபோகிறது. எந்த மென்பொருளாலும் இன்ஜெக்டரின் துளையைப் பெரிதாக்க முடியாது.

பந்தயக் களத்திலிருந்து வரும் வாதம் இவற்றினும் கவர்ச்சியானது. பந்தய விதி டர்போ எஞ்சின்களின் கொள்ளளவை 1.7ஆல் பெருக்கிக் கணக்கிட்டதால், 4,500 சிசி பிரிவுக்குள் அடங்குமாறு வடிவமைக்கப்பட்ட ஜிடி-ஆர், 1990 முதல் 1993 வரை ஜப்பானியக் குரூப் ஏ பந்தயங்கள் 29ஐயும் வென்றது. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 1000 பந்தயத்தை 1991இலும் 1992இலும் வென்றது. வார்ப்பிரும்பால் ஆன எஞ்சின் பிளாக் மிக உறுதியானது என்பதை இவ்வெற்றிகள் மெய்ப்பிக்கின்றன; சாலைக்கு விற்ற எஞ்சின் முழுவதும் அவ்வளவு உறுதியானது என்பதற்கு இவை சான்றாகா. தொடக்கக்கால ஆர்32 எஞ்சின்களின் ஆயில் பம்பை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். கிராங்க் தண்டின் முன்முனையில் எதிரெதிராகச் சீவப்பட்ட இரண்டு தட்டையான பரப்புகளே அந்தப் பம்பின் உட்பல்சக்கரத்தைச் சுழற்றுகின்றன. அப்பரப்புகள் குட்டையாக இருந்ததால் பல்சக்கரத்தின் அகலம் முழுவதையும் பற்றவில்லை. உயர் வேகத்தில் எஞ்சின் தன் சுழற்சி வரம்பை மீண்டும் மீண்டும் மோதும்போது கிராங்க் நடுங்குகிறது. அந்த நடுக்கம் சம்மட்டியடியாக இறங்கிப் பல்சக்கரத்தை விரிசலாக்கி, ஆயில் அழுத்தம் நொடிகளில் விழ, பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் பாழாகிறது. நிசான் பின்னாளில் அந்தப் பிடிப்பரப்பை நீளமாக்கித் தந்தது. நெடுநேரம் உயர் வேகத்தில் ஓடினால் ஆயில் சிலிண்டர் தலைப்பகுதியிலேயே தேங்கி, அடித்தொட்டி வறண்டுபோகும் குறையும் இந்த எஞ்சினுக்கு உண்டு. பந்தய அணிகள் இவற்றையெல்லாம் சரிசெய்த பின்னரே களமிறங்கின. மேப்பை மட்டும் மாற்றிக்கொண்ட சாலைக் காரில் இவை அப்படியே கிடக்கின்றன.

பூஸ்டை உச்சவரம்புக்குக் கீழே நிறுத்தித் தொழிற்சாலை விட்டுவைத்த இடைவெளி ஒளித்துவைத்த திறன் அன்று என்பதை உணர, அது எதற்காக விடப்பட்டது என்று கேட்க வேண்டும். கடல் மட்டத்தில் 0.7 பார் பூஸ்டைத் தர டர்போ காற்றை 1.7 மடங்கு அழுத்தினால் போதும். 2,000 மீட்டர் உயரமுள்ள மலைச்சாலையில் அதே பூஸ்டுக்கு ஏறத்தாழ 1.9 மடங்கு அழுத்த வேண்டும், அதற்கு டர்பைன் சக்கரம் இன்னும் விரைந்து சுழல வேண்டும். கோடை வெயில், தேய்ந்த உறுப்புகள், தரம் குறைந்த பெட்ரோல் ஆகியவையும் இந்த இடைவெளியிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஜப்பானில் உயர்தரப் பெட்ரோலின் ஆக்டேன் எண், அதாவது நாக்கிங்கை எதிர்க்கும் தன்மையின் அளவு, 96க்குக் குறையக் கூடாது. இலங்கையில் 92, 95 என்ற இரு வகைகள் விற்பனையில் உள்ளன; இந்தியாவில் 91 என்ற சாதாரண வகை பல ஆண்டுகள் விற்கப்பட்டது. ஜப்பானிலிருந்து பழைய கார்களைப் பெருமளவில் இறக்குமதி செய்த இலங்கை போன்ற நாட்டில், ஜப்பானில் எழுதப்பட்ட மேப்பை அப்படியே ஏற்றுவது எத்தகைய இடர் என்பதை இந்த எண்களே காட்டும்.

உள்ளுறுப்புகளை மாற்றாமலே இந்த எஞ்சின் 500 குதிரைத்திறனைத் தாங்கியது என்பதே இறுதியில் எஞ்சும் வாதம். தாங்கியது என்று சொல்வோர் எவ்வளவு நேரம் என்று சொல்வதில்லை. திறனளக்கும் டைனோவில் ஓர் ஓட்டம் சில நொடிகளே நீடிக்கிறது. அதற்குள் பிஸ்டனும் ஆயிலும் முழு வெப்பநிலையை எட்டுவதே இல்லை. ட்யூனர்கள் கொண்டாடும் ட்சுகுபா களத்தின் சுற்று 2,045 மீட்டர்தான். அங்கே நேரத்தைக் குறிவைத்து ஓடும் கார் ஏறத்தாழ ஒரு நிமிடம் முழுத் திறனில் ஓடியதும் வேகம் குறைத்து ஆறவிடப்படுகிறது. இதற்கு மாறாக, உலோக டர்பைனும் திருத்தப்பட்ட ஆயில் அமைப்பும் கொண்டு 1991இல் பாதர்ஸ்டில் வென்ற ஜிடி-ஆர், மலையேறி இறங்கும் 161 சுற்றுகளில் ஆறு மணி நேரத்துக்கும் மேலாக ஓடி அந்த 1,000 கிலோமீட்டரை முடித்தது.