டகோட்டாவில் ஓர் இடம் கிடைக்குமா?



சேலையூர், மாடம்பாக்கம், அகரம்தென் பக்கத்திலிருந்து வரும் கடிதங்களில் ஏதாவது ஒரு மூலையில் விமானம் எட்டிப் பார்த்துவிடும். பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே வட்டமடிக்கும் தாம்பரம் பக்கத்தில் வேறெப்படி இருக்கும்? அண்மையில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “2024 அக்டோபரில் மெரினா விமானக் காட்சியில் பறந்த டகோட்டாவைப் பார்த்ததிலிருந்து என் பேரன் அதே பேச்சாக இருக்கிறான். காசு கட்டினால் ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போவார்களா?”

ஆசை பேரனுக்கா தாத்தாவுக்கா என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் பதில் சொல்லியாக வேண்டும்: மாட்டார்கள்.

அந்த டகோட்டாவின் பெயர் ‘பரசுராமா’. டகோட்டா ஓட்டிய விமானப்படை அதிகாரியான தன் தந்தையை எண்ணி, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் அதை வாங்கி, இங்கிலாந்தில் பழுதுபார்க்கச் செய்து, 2018-இல் விமானப்படைக்குக் கொடுத்தார். உடம்பில் எழுதியிருக்கும் வி.பி. 905 என்பது, 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைவீரர்களோடு ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாவின் எண். விமானப்படையின் பழைய விமானங்கள் பிரிவில் இதற்குத் துணையாக ஒரு ஹார்வர்டும் ஒரு டைகர் மாத்தும் உண்டு. மூன்றும் விழாக்களில் பறக்கும். பொதுமக்களுக்கு டிக்கெட் கிடையாது.

கிடைத்தால் எப்படி இருக்கும்? டகோட்டா வால்பக்கம் தாழ்ந்து நிற்கும் விமானம். பின்பக்கக் கதவு வழியாக ஏறினால், இருக்கைக்குப் போவதற்கே மேட்டில் ஏறுவதுபோல் நடக்க வேண்டும். படைவீரர்களுக்கு இரு பக்கச் சுவரையும் ஒட்டி நீள பெஞ்சுதான். ஜன்னலைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். டைகர் மாத் இன்னும் வேடிக்கை. ஒருவர் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுழற்றிவிட்டால்தான் இன்ஜின் உயிர் பெறும். விமானி பின் இருக்கையில், பயணி முன் இருக்கையில். மேலே கூரை கிடையாது. ஹார்வர்டைப் பார்க்குமுன்பே காது கண்டுபிடித்துவிடும். விசிறியின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிச் சுற்றுவதால் வரும் அந்த உறுமல் வேறு எதற்கும் வராது. விமானப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி 1954-இல் தாம்பரத்துக்கு வந்தது. அந்தக் காலத்துத் தாம்பரவாசிகளுக்கு அந்த உறுமலை நான் விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் வழி உண்டு. இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் பணம் கட்டி இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயரில் ஏறலாம். அந்த இரட்டை இருக்கை வகையில் 10 விமானங்களை 1948-இல் நம் விமானப்படையே வாங்கியிருந்தது என்பதை நினைத்தால் கொஞ்சம் வயிறெரிகிறது. கனடாவில், டொராண்டோவுக்குப் பக்கத்திலுள்ள ஹாமில்டன் அருங்காட்சியகம் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்திலேயே ஆட்களை ஏற்றுகிறது. அங்குள்ள ஸ்கார்பரோ வாசகர்கள் முயன்று பார்க்கலாம். உலகில் இன்று பறக்கும் லங்காஸ்டர்கள் இரண்டே. மற்றொன்று பிரிட்டிஷ் விமானப்படையிடம் இருக்கிறது. அவர்களும் பொதுமக்களை ஏற்றுவதில்லை.

ஏன் ஏற்றுவதில்லை என்பதற்கு அண்மைக் காலமே பதில் சொல்கிறது. 2018 ஆகஸ்ட் 4 அன்று சுவிட்சர்லாந்து மலைகளுக்கிடையே, 1939-இல் கட்டப்பட்ட யுங்கர்ஸ் 52 விமானம் விழுந்ததில் உள்ளே இருந்த 20 பேரும் மாண்டார்கள். சுற்றுலாவுக்கு ஏறியவர்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 2-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில், ‘நைன் ஓ நைன்’ என்ற பி-17 புறப்பட்ட சிறிது நேரத்தில் இன்ஜின் கோளாறால் திரும்பி வந்து விழுந்தது. 7 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் பயணிகள். பழைய விமானங்கள் பலவற்றுக்கு இன்றைய பயணிகள் விமானத்துக்குரிய பாதுகாப்புச் சான்று இல்லை. அதனால் இங்கிலாந்தில் ஆபத்தை முழுதாக எடுத்துச் சொல்லி, கையெழுத்து வாங்கிய பிறகே இப்படிப்பட்ட விமானத்தில் ஏற்றுகிறார்கள்.

தாம்பரத்துக்கு இது தெரியாத வலியல்ல. 2016 ஜூலை 22 அன்று இங்கிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய ஏ.என்-32 வங்கக் கடலுக்கு மேலே காணாமல் போனது. அவர்கள் யாரும் ஆசைக்காக ஏறவில்லை. வேலை நிமித்தம் போனவர்கள். ஏழரை ஆண்டு கழித்து, பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கலம்தான் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைக் கண்டது.

ஆகவே என் கட்சி இதுதான்: வானத்தில் பழைய விமானங்கள் பயணிகள் இல்லாமல், விமானிகளோடு மட்டும் பறக்கட்டும். ஆனால் தரையில் நிற்கும்போது கதவைத் திறந்துவிடுங்கள். கயிறு கட்டி, ‘தொடாதே’ என்று பலகை வைத்துத் தள்ளி நிறுத்தாதீர்கள். முன்பு குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில், பறந்து ஓய்ந்த இரண்டு விமானங்களைப் பாடத்துக்காக நிறுத்தியிருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம் ராமேசுவரத்திலிருந்து வந்த ஒரு மாணவர். விமானப்படைத் தேர்வில் 8 பேருக்கு இடம். அவர் ஒன்பதாவதாக வந்தார். பிறகு 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக, 74 வயதில், புனேயில் சுகோய் விமானத்தில் ஏறினார் அப்துல் கலாம். இறக்கை விரிக்காத அந்த இரண்டு விமானங்கள் செய்த வேலையை எந்த அரைமணிநேரச் சவாரியும் செய்திருக்காது என்பது என் எண்ணம்.

நம் வட்டாரத்துக்கு இந்த மோகம் புதிதுமல்ல. 1910-லேயே, மவுண்ட் ரோடு ஓட்டல் முதலாளி டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில் கட்டிய தன் விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்தது பல்லாவரத்தில்தான்.

டகோட்டாவிலோ ஹார்வர்டிலோ வேலையாக ஏறியவர்கள் கிழக்குத் தாம்பரத்திலும் கேம்ப் ரோட்டிலும் இன்னும் இருப்பீர்கள். மெக்கானிக்காக, பயிற்சி மாணவராக, விடுமுறைக்கு ஊர் போக இடம் கிடைத்த படைவீரராக. எப்போது, எங்கிருந்து எங்கே, என்ன சத்தம், வாந்தி வந்ததா என்பது உட்பட எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். புகைப்படம் இருந்தால் நகல் மட்டும் அனுப்புங்கள். அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்