பெயரில் ஒரு குறி, கடைக்கு ஓர் ஓட்டை

பதுளையில் நம் பிள்ளைகளும் புரோகிராமிங் படித்து, இணையத்தில் ஓடர் எடுக்க மென்பொருள் செய்து தருகிறார்கள். நல்ல விடயம். ஆனால் வெளியார் தட்டச்சு செய்வதை நம்பக்கூடாது என்பதையே முதற்பாடமாகப் படிப்பிக்க வேண்டும். தோட்டத்து மடுவத்தில் கொழுந்தை நிறுக்காமல் கணக்கில் ஏற்றுவார்களா?

முஆத் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவே ஒரு மேற்குறி வரும். அதில் புரோகிராம் தடுமாறினால், அதே வழியால் திருடன் தன் கட்டளையை நுழைத்துவிடலாம். 2015இல் பிரித்தானியாவின் டோக்டோக் தொலைபேசிக் கம்பனியில் இவ்வகை ஓட்டையால்தான் 156,959 வாடிக்கையாளரின் விபரங்கள் களவுபோயின. மறு வருடம் விதித்த அபராதம் 4 இலட்சம் பவுண்! வாடிக்கையாளர் எழுதியதைக் கட்டளையோடு ஒட்டாமல் தனியாக அனுப்பியிருந்தால் தப்பியிருக்கலாம்.

முதலாளிமாரே, மேற்குறியில் முறிந்தாலோ, மைனஸ் 5 கிலோ சீனிக்கு ஓடர் ஏற்றாலோ, திருத்தும்வரை மிகுதிக் காசைக் கொடுக்காதீர்கள்.