மெத்தை எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்?

பலெர்மோவில் ஒரு மெத்தைக் கடைக்குள் நுழைந்தால் மூன்று சொற்கள் காதில் விழும்: ரிஜிதோ, மேதியோ, மோர்பிதோ. கெட்டி, நடுத்தரம், மென்மை. போதாததற்கு உறையின் மேல் பெரிய எழுத்தில் 'ஓர்த்தோபேதிகோ', அதாவது எலும்பு மருத்துவத்துக்கு உகந்தது, என்றும் இருக்கும். முதுகுவலியோடு போனவருக்கு அதைப் பார்த்ததுமே பாதி வலி குறைந்துவிடும். விற்பவரும் "இதுதான் கெட்டி, முதுகுக்கு நல்லது" என்பார். நம்மவர்களை இதற்கு மேல் யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. முதுகு வலித்தால் மெத்தையை விட்டுவிட்டுத் தரையில் பாயைப் போடு என்பது பாட்டி காலத்து வைத்தியம்.

அந்த வைத்தியம் பாதிதான் சரி. எந்தப் பாதி என்று பொறுமையாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பலெர்மோத் தமிழர்களுக்கு இடுப்பு என்பது பிழைப்பு. 1980களிலிருந்து இலங்கையை விட்டு வந்து இங்கே குடியேறியவர்களில் மிகப் பலர் வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் இருக்கிறார்கள். குனிந்து துடைப்பது, படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் போடுவது, மின்தூக்கி இல்லாத பழைய கட்டடங்களில் சாமான்களோடு படியேறுவது என்று எல்லாப் பாரமும் கடைசியில் இடுப்பில்தான் வந்து சேர்கிறது.

கெட்டிதான் நல்லது என்ற எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும்? சிசிலியின் பழைய மெத்தைகளுக்குள் இருந்தது கம்பளி. வசதி குறைந்த வீடுகளில் தாவர நார். பலெர்மோவுக்கு மேற்கே, ஸ்கோபெல்லோவுக்கும் சான் வீட்டோ லோ காபோவுக்கும் நடுவே ஜிங்காரோ மலைச்சரிவுகளில் குட்டைப் பனை புதர்புதராக மண்டிக் கிடக்கிறது. அந்த ஓலையைக் கிழித்து நாராக்கி மெத்தைக்கும் சோபாவுக்கும் அடைத்தார்கள். பனையோலைப் பாயில் படுத்து வளர்ந்த யாழ்ப்பாணத்தார் இதை உறவு கொண்டாடலாம். கம்பளி, நார், நம் இலவம் பஞ்சு எல்லாவற்றுக்கும் குணம் ஒன்றுதான்: நாளடைவில் அமுங்கி நடுவில் பள்ளம் விழும். அதனால்தான் 'மத்தெராஸ்ஸாயோ' என்ற தொழிலாளி வந்து மெத்தையைப் பிரித்து, கம்பளியைச் சிக்கெடுத்து, மறுபடி தைத்துக் கொடுப்பார். நம் தெருக்களில் பஞ்சடிக்க வந்தவர் செய்த அதே வேலை. மென்மையான மெத்தை என்றாலே பள்ளம் விழுந்த மெத்தை என்றிருந்த நாளில் 'கெட்டியில் படு' என்பது நல்ல புத்திமதிதான். இடுப்பு குழிக்குள் இறங்கிக் கிடப்பதற்குத் தரை எவ்வளவோ மேல்.

பிறகு சுருள்கம்பி மெத்தை வந்தது. இத்தாலியில் 1950களிலும் 60களிலும் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோன பெயர் பெர்மாஃப்ளெக்ஸ். பள்ளம் போயிற்று, புத்திமதி மட்டும் தங்கிவிட்டது.

கெட்டிப் படுக்கைக்கு ஒரு புண்ணிய வாடையும் உண்டு. இந்துக்களும் கத்தோலிக்கருமாகத் தமிழர்கள் ஏறிப் போகும் மோந்தே பெல்லெக்ரீனோ மலையில், குகைக்குள் படுத்த கோலத்தில் இருக்கும் சாந்தா ரொசாலியா, பாறையில் தவமிருந்த துறவி. சபரிமலைக்கு மாலை போட்டவரும் தரையில்தான் படுக்கிறார். விரதத்துக்குத் தரை சரி. இடுப்பு வலிக்கு அது மருந்தா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியை நேராகச் சோதித்துப் பார்த்தவர்கள் ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ கோவாக்ஸ் குழுவினர். முடிவுகள் 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தன. படுத்திருக்கும்போதும் எழும்போதும் நாட்பட்ட இடுப்பு வலி இருப்பதாகச் சொன்ன 313 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கெட்டி மெத்தையும் இன்னொரு பிரிவுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று சொல்லவில்லை. 90 நாள் கழித்துப் பார்த்தபோது படுக்கையில் வலி, எழும்போது வலி, அன்றாட வேலையில் முடக்கம் ஆகிய மூன்றிலும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள். 2021-இல் சார்தீனியாவின் சஸ்ஸாரி பல்கலைக்கழக எலும்பு மருத்துவர்கள் அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு ஏறத்தாழ அதே இடத்துக்குத்தான் வந்தார்கள்: நடுத்தரக் கெட்டி.

உடனே ஓடிப்போய் 'மேதியோ' என்று எழுதிய மெத்தையை வாங்கிவிடலாமா? அவசரம் வேண்டாம். ஸ்பெயின் ஆய்வில் கெட்டித்தன்மையை ஐரோப்பியத் தர அளவுகோலில் அளந்தார்கள். அதில் 1 மிகக் கெட்டி, 10 மிக மென்மை. கெட்டி மெத்தை 2.3, நடுத்தரம் 5.6. கடையில் ஒட்டியிருக்கும் சொல்லுக்கு இப்படி ஓர் அளவு பின்னால் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு நிறுவனத்தின் 'மேதியோ' இன்னொன்றின் 'ரிஜிதோ'வாக இருக்கலாம். இணையத்தில் அமெரிக்கக் குறிப்புகளைப் படிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அங்கே வழக்கமாக 10 என்றால் மிகக் கெட்டி. அளவுகோல் தலைகீழ்.

'ஓர்த்தோபேதிகோ' முத்திரைக்கும் இதே கதைதான். பல மெத்தைகள் முதல் வகுப்பு மருத்துவச் சாதனமாக விற்கப்படுகின்றன. ஆபத்து மிகக் குறைந்த பொருட்களுக்கான வகுப்பு அது. தன் பொருள் விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளரே அறிவித்துக்கொள்கிறார். வலி தீரும் என்று யாரும் சோதித்துச் சான்றளித்ததாக அதற்குப் பொருள் இல்லை. வரி கட்டுபவருக்கு ஒரு சின்ன இலாபம் உண்டு: ஆண்டு மருத்துவச் செலவில் 129.11 ஈரோவுக்கு மேற்பட்ட தொகையில் 19 விழுக்காட்டை வரியில் கழிக்கலாம், அத்தகைய மெத்தையும் அந்தக் கணக்கில் வரும். பற்றுச்சீட்டில் உங்கள் வரி எண்ணும், மருத்துவச் சாதனம் என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள்.

முத்திரையை விட்டு உடம்புக்கு வருவோம். 50 கிலோ எடையுள்ளவருக்குக் கெட்டியாகத் தெரியும் மெத்தை, 90 கிலோக்காரருக்கு மென்மையாகத் தெரியும். செருப்பின் அளவைக் கால் சொல்வதுபோல இதை உடம்புதான் சொல்ல வேண்டும். எடைக்கு அடுத்தது படுக்கும் வாக்கு. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பெலும்பும் பிதுங்கி நிற்கின்றன. மெத்தை அந்த இரண்டு இடத்திலும் இறங்கிக் கொடுத்தால்தான் முதுகெலும்பு நேர்கோட்டில் இருக்கும். இறங்காவிட்டால் தோள் மரத்துப்போய் நடுராத்திரியில் விழிப்பு வரும். மல்லாந்து படுப்பவருக்கு இடுப்பின் பின்பக்கக் குழிவைத் தாங்க ஏதாவது வேண்டும். கவிழ்ந்து படுப்பவருக்கு மென்மையான மெத்தை ஆகாது. வயிறும் இடுப்பும் அமிழ்ந்து கீழ்முதுகு பின்னோக்கி வளையும். ஆகவே ஒல்லியான, ஒருக்களித்துப் படுக்கும் ஒருவர் நடுத்தரத்திலும் சற்று மென்மையின் பக்கம் போகலாம். கனமான, கவிழ்ந்து படுக்கும் ஒருவர் கெட்டியின் பக்கம் போகலாம்.

கடையில் பலர் மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு விலை கேட்கிறார்கள். கை காட்டுவது மேல் அடுக்கை மட்டும்தான். கூச்சப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படித் தூங்குவீர்களோ அப்படியே, ஒரு கால்மணி நேரம் படுத்துப் பாருங்கள். கூட வந்தவர் பின்னால் நின்று முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்று பார்க்கட்டும். மல்லாந்து படுத்து இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்க்கலாம். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்கு மிகக் கெட்டி. நுழையவே மாட்டேன் என்றால் மிக மென்மை.

இன்னொரு குழப்பம், நுரை மெத்தையில் விற்பவர்களே செய்வது: அடர்த்தி. "இது 40 கிலோ, நல்ல கெட்டி" என்பார்கள். அந்த 40 என்பது ஒரு கன மீட்டர் நுரையின் எடை. அது பெரும்பாலும் நுரை எத்தனை காலம் உழைக்கும் என்பதைச் சொல்லும். கெட்டித்தன்மைக்குச் சோதனையே வேறு: நுரைத் துண்டை அதன் தடிமனில் 40 விழுக்காடு அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளக்கிறார்கள். அடர்த்தி மிகுந்த நுரை மென்மையாக இருக்கலாம்; அடர்த்தி குறைந்தது வாங்கிய புதிதில் கெட்டியாக இருந்துவிட்டுச் சீக்கிரமே பள்ளம் விழலாம். மலிவு மெத்தையில் ஏமாறும் இடம் இதுதான்.

பலெர்மோவின் காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. மெமரி ஃபோம் என்ற நுரை வெப்பத்துக்கு இளகும், குளிருக்கு இறுகும். நகரின் பழைய வீடுகள் பலவற்றில் மைய வெப்ப வசதி கிடையாது. ஜனவரி இரவில் அது கட்டையாகக் கிடக்கும். சிரோக்கோ வெப்பக்காற்று வீசும் கோடையில் அதே மெத்தை இளகி உடம்பைச் சுற்றிக்கொள்ளும், வெப்பத்தையும் பிடித்து வைக்கும். சுருள்கம்பிக்குள் காற்று ஓடும். துளைகள் நிறைந்த லேடெக்ஸ் ரப்பரும் நுரையைவிடப் பரவாயில்லை, ஆனால் புரட்டிப்போட இரண்டு ஆள் வேண்டும். எதை வாங்கினாலும் ஈரமேறிய வீட்டில் தரையோடு தரையாகப் போடாதீர்கள். அடியில் காற்று போகாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கட்டிலின் மரச்சட்டங்களையும் பாருங்கள். ஒரு சட்டம் உடைந்தோ வளைந்தோ இருந்தால் புது மெத்தையும் அங்கே பள்ளம் விழும். பழி மெத்தைக்குப் போகும்.

கணவன் மனைவி எடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் ஒரே மெத்தையில் சமரசம் தேடுவதைவிட, 80 சென்டிமீட்டர் அகல ஒற்றை மெத்தைகள் இரண்டை ஒட்டிப் போடலாம். இத்தாலியில் வழக்கமான இரட்டைக் கட்டில் 160 சென்டிமீட்டர்தான். அளவு சரியாகப் பொருந்தும்.

இணையத்தில் வாங்குபவர்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2019 மார்ச் 27-இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு ஜெர்மன் மெத்தை வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது: பிளாஸ்டிக் உறையைக் கிழித்துவிட்டாலும், மெத்தை கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். சுகாதாரம் கருதித் திரும்ப எடுக்க முடியாது என்ற கடைக்காரரின் வாதம் எடுபடவில்லை. உடுப்பைப் போல மெத்தையையும் சுத்தம் செய்து விற்கலாம் என்றது நீதிமன்றம். கறை பட்டால் பணம் குறையலாம், ஆகவே முதல் நாளே விரிப்புப் போட்டுவிடுங்கள். இந்த உரிமை தொலைவிலிருந்து வாங்குவதற்குத்தான். கடைக்குப் போய் வாங்கினால், மாற்றிக் கொடுப்பார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புது மெத்தைக்கு உடம்பு பழகச் சில வாரம் பிடிக்கும் என்பதால் இந்த ஏற்பாடு வெறும் சம்பிரதாயம் அல்ல.

இதுவரை சொன்னது நடமாடுகிறவர்களுக்கு. நீங்கள் பராமரிக்கும் முதியவர் தானாகப் புரள முடியாதவர் என்றால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அங்கே கவலை முதுகெலும்பைப் பற்றியதல்ல, தோலைப் பற்றியது. வால் எலும்பு, குதிகால், இடுப்பு எலும்பு ஆகிய இடங்களில் ஓயாத அழுத்தம் ரத்த ஓட்டத்தை அடைத்துப் புண்ணாக்கும். கெட்டி மெத்தை அதைத் துரிதப்படுத்தும். இதற்கென இருப்பது படுக்கைப் புண்ணைத் தடுக்கும் 'அன்டிதெகூபித்தோ' மெத்தை. அதில் ஒரு வகை சிறு மோட்டாரால் இயங்கி, காற்றறைகள் மாறி மாறி ஊதியும் தளர்ந்தும் அழுத்தத்தை இடம் மாற்றும். மோட்டாரில் உள்ள திருகு நோயாளியின் எடைக்காக. மெத்தை தொளதொளவென்று இருக்கிறதே என்று அதை முழுக்கத் திருப்பிவிடும் குடும்பங்கள் உண்டு. அப்படிச் செய்தால் காற்று மெத்தையும் பலகைதான். மேலே இரண்டு மூன்று விரிப்பை மடித்துப் போடுவதும் அதே கெடுதலைச் செய்யும். மெத்தை எப்படிப்பட்டதாக இருந்தாலும் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலை தொடர வேண்டும். இந்த மெத்தையைச் சொந்தப் பணத்தில் வாங்குமுன் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கட்டும்: 2017 ஜனவரி 12 ஆணையின்படி பொதுச் சுகாதாரத் துறை வழங்கும் சாதனங்களில் இதுவும் ஒன்று, தகுதியுள்ளவர்களுக்குப் பலெர்மோவின் மாகாணச் சுகாதார அலுவலகம் வழியாகக் கிடைக்கும்.

அந்த வீட்டிலேயே தங்கி வேலை செய்பவருக்கும் ஒரு கட்டில் இருக்கிறது. வீட்டு வேலைக்கான தேசிய ஒப்பந்தம் நாளொன்றுக்குத் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வையும், கண்ணியமும் தனிமையும் காக்கும் தங்குமிடத்தையும் உரிமையாக்கியிருக்கிறது. வேலைக்குச் சேரும் நாளில் அறையைக் காட்டும்போதே அந்த மெத்தையில் ஒருதரம் படுத்துப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் கல்யாணமாகிப் போனபின் மிஞ்சிய பழைய மெத்தையாக இருக்கக்கூடும். பள்ளம் விழுந்திருந்தால் மாற்றித் தரும்படி அன்றைக்கே கேட்பது எளிது. ஆறு மாதம் கழித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்பது அவ்வளவு எளிதல்ல.